எந்த மார்க் தட்டை எறிவது

எங்கள் வீட்டு வாசலில் ஓர் இரும்புக் கூடை நிற்கிறது. இடுப்பு உயரத்தில் கூடை, அதன் நடுவிலிருந்து ஆள் உயரத்துக்கு எழும் குழாய், குழாயின் தலையில் ஒரு வளையம், வளையத்திலிருந்து கூடைக்குள் தொங்கும் பதினெட்டுச் சங்கிலிகள். பால்காரர் கேட்டைத் திறந்து உள்ளே வரச் சோம்பி, மதிலுக்கு மேலாகக் கையை நீட்டிப் பாக்கெட்டுகளை அதற்குள் போட்டுவிட்டுப் போகிறார். சங்கிலி குலுங்குகிற சத்தத்தில்தான் எங்களுக்கு விடிகிறது. கீழ்வீட்டில் இருக்கும் படகர் இனப் பெரியவர் அதை ஏதோ சாமி காரியம் என்று நினைத்துவிட்டார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றி ஒரு கணம் நின்றுவிட்டுப் போவார். மழை நாளில்கூடக் கழற்றுகிறார். அவருக்கு நான் விளக்கிச் சொல்லவில்லை. விளக்கத் தொடங்கினால் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அதை வாசலில் நின்றுகொண்டு சொல்ல என்னால் முடியாது. உட்கார்ந்து எழுதினால் முடியும் என்று தோன்றுகிறது.

இலங்கையில் ஹட்டன் பக்கத்து மலைகளிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும், என்னைப் போல அங்கிருந்து கப்பலேறி வந்து கோத்தகிரியிலும் கூடலூரிலும் வயது போனவர்களுக்கும் இந்த விளையாட்டின் பெயர் புதிதாக இருக்கும். டிஸ்க் கோல்ஃப் என்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய, ஓரம் கனத்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றை மரங்களுக்கு நடுவே எறிந்து, விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, கடைசியில் சங்கிலிக் கூடைக்குள் விழச் செய்ய வேண்டும். குறைந்த எறிகளில் முடித்தவர் வென்றவர். ஐரோப்பாவின் வடக்கே காடுகளுக்குள் இப்படிக் கூடைகள் நட்டு வைத்திருக்கிறார்களாம். தட்டுகளைப் பல கம்பெனிகள் செய்கின்றன. அந்தப் பெயர்கள் என் வாயில் நுழையாததால், மேலே அச்சடித்த படத்தை வைத்து நானாக மான் மார்க், மணி மார்க், நங்கூரம் மார்க் என்று பெயர் வைத்துக்கொண்டேன். இந்த மூன்றில் எதை எறிவது என்பதில் நான் இத்தனை மனதைச் செலவழிப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் தம்பி கனகராஜ் என்னைவிட மூன்று வயது இளையவன். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. கனகு தொட்டிலில் கிடந்தபோதே பெரியம்மா தூக்கிக்கொண்டு போய்விட்டார். தூரம் ஒன்றுமில்லை, தோட்டத்தில் அதே லய வரிசையில் நான்கு காம்பரா, நான்கு அறை, தள்ளி. எந்த வீட்டில் கருவாடு வாசம் வருகிறதோ அந்த வீட்டில் இரண்டு பேரும் சாப்பிடுவோம். எழுபதுகளில், இரண்டு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி யார் இந்தியாவுக்குப் போவது, யார் இலங்கையில் இருப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. அப்பா இந்தியா என்றார், பெரியப்பா இலங்கை என்றார். இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்கள், ஒருவரோடு ஒருவர் சண்டையும் கிடையாது. ஆளுக்கு ஒரு மாதிரி பயம், அவ்வளவுதான். கோச்சி ஏறுகிற அன்று ஹட்டன் ஸ்டேஷனில் எல்லோரும் ஒப்பாரி வைத்தார்கள், கனகு மட்டும் வரவில்லை. "பய வாலிபால் ஆடப் போயிட்டான்" என்று பெரியம்மா சொன்னார். நான் தலைமன்னார் வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். கப்பலில் ஏறிய பிறகுதான் அவன் ஏன் வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

நான் இங்கே எஸ்டேட் பேக்டரியில் தூள் சலிக்கிற அறையில் சேர்ந்து டீமேக்கராக ஓய்வு பெற்றேன். அவன் கொழும்புக்குப் போய், எண்பதுகளின் கலவரத்துக்குப் பிறகு நார்வே போனான். வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை, பிறகு மேற்குக் கரையில் மழை ஓயாத ஓர் ஊரில் பஸ் ஓட்டுநர். இடையில் இரண்டு முறை வந்தான், இரண்டு முறையும் விருந்தாளியாக. போன வருடம் அவன் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு போனில் சொன்னான்: "அண்ணே, பிள்ளை குட்டியும் இல்ல. கடைசிக் காலத்துக்கு உங்க பக்கத்துலேயே வந்து இருந்துரலாம்னு பாக்குறேன். ஒத்து வருதான்னு பாப்போம்." அவன் சொன்னதில் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கவில்லை. வீட்டின் மேற்குப் பக்கம் ஓர் அறை எடுத்துக் கட்டினேன். வென்னீருக்குக் கீசர், காலுக்குக் குளிராத மரப்பலகைத் தரை, மலை தெரிகிற ஜன்னல். அவன் வந்து இறங்கியது முதல் திரும்பிப் போகிற வரை என் மனதில் ஒரே கேள்விதான் இருந்தது: இருந்துவிடுவானா?

வந்தவன் துணிப்பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் முதுகில் மாட்டியிருந்த பையைத் திறந்தான். உள்ளே இருபத்திரண்டு தட்டுகள். எண்ணுவது என் பழக்கம், என் மனைவி பாக்கியம் அதை வியாதி என்பாள். அவள் தேத்தண்ணியோடு வந்து பார்த்துவிட்டு, "என்னா தம்பி, பாத்திரக்கடை போடப் போறீங்களா?" என்றாள். "சோறு நீங்க போடுங்க அண்ணி, தட்டு நான் கொண்டாந்திருக்கேன்" என்றான். அவள் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி தளும்பியது. இருந்துவிடுவான் என்று அன்றைக்கு நான் முடிவே கட்டிவிட்டேன்.

கூடை செய்ய அவனைக் கோத்தகிரியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பழனிச்சாமியிடம் அழைத்துப் போனேன். மேட்டுப்பாளையத்துக்காரர். கனகு தன் போனில் படத்தைக் காட்டினான்.

"ஏனுங்க, கோழிக் கூண்டுங்களா?"

"இல்லைங்க. இதுக்குள்ள தட்டு வந்து விழணும்."

"தட்டு எதுக்குங்க வந்து விழுது?"

"தூரத்துல இருந்து நாங்க எறிவோம். சங்கிலி அதைப் பிடிச்சுக்கும்."

பழனிச்சாமி யோசித்தார். "அப்படீன்னா காட்டெருமைக்குத்தானுங்களே? சத்தம் கேட்டு ஓடிப்போகும். மேல கரண்டு குடுக்கோணுங்களா?"

கனகு என்னைப் பார்த்தான். நான் பழனிச்சாமியிடம் இது ஒரு விளையாட்டு, பெரியவர்கள் ஆடுவது என்றேன். அவர் எங்கள் இரண்டு பேரின் தலைமுடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எதுக்கோ இருக்கட்டுமுங்க. கலர் மட்டும் சொல்லிப்போடுங்க" என்றார். மஞ்சள் சொன்னோம், பச்சை அடித்துக் கொடுத்தார்.

எங்களிடம் இருந்தது ஒரே கூடை. அதனால் எறியத் தொடங்கும் இடத்தை மாற்றிக்கொள்வோம். ஒரு நாள் மேல் ரோட்டிலிருந்து, ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியிலிருந்து, ஒரு நாள் கவாத்து வெட்டிய தேயிலைக் காட்டின் உச்சியிலிருந்து. எங்கே தொடங்கினாலும் எங்கள் வீட்டு வாசலில் வந்து முடிய வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. கனகு எறியும்போது முதுகைத் திருப்பி, மூன்று எட்டு வைத்து, உடம்பைச் சுழற்றி விடுவான். எழுபது வயதுக்காரன் என்று சொல்ல முடியாது. தேயிலை வரிசைக்கு நடுவே தட்டு கொழுந்தைத் தொடாமல் போகும். நான் எறிந்தால் அது நேராகச் செடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கொழுந்து பறிக்கிற பெண்கள் நிமிர்ந்து நின்று, "சிலோன்காரரே, இன்னிக்கு எத்தனை கிலோ?" என்று கேலி பேசுவார்கள். இந்த மலையில் எனக்கு அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. பிறந்த மலையில் என்னை இந்தியாக்காரன் என்றார்கள். கனகுவிடம் கேட்டேன், அங்கே உன்னை என்னவென்று சொல்கிறார்கள் என்று. "பஸ்காரன்" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் தெரிந்த பெருமையை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

இருபத்திரண்டில் அவன் கை தானாகத் தேடி எடுப்பது ஒன்றைத்தான். மான் மார்க், வெளிறிய ஆரஞ்சு நிறம், ஓரமெல்லாம் எலி கடித்தது போல் இருக்கும். அடிப்பக்கம் கறுப்பு மையில் அவன் பெயரும் போன் எண்ணும், தொலைந்தால் கண்டெடுத்தவர் கூப்பிடுவதற்காக. மற்ற தட்டுகள் வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சரிந்து விழும். இது கடைசி வரை நேராகப் போய், முடிகிற இடத்தில் லேசாக வலப்பக்கம் திரும்பும். அதே மான் மார்க்கில், அதே ரகப் பெயரில், அதே அச்சில் வார்த்த இரண்டு புதுத் தட்டுகளும் அவன் பையில் இருந்தன. நான் என் பழைய சாம்பிள் தராசில் மூன்றையும் வைத்துப் பார்த்தேன். மூன்றும் நூற்று எழுபத்தைந்து கிராம். ஒரு கிராம் கூட வித்தியாசமில்லை. ஆனால் புதிது ஒன்று உடனே இடப்பக்கம் குப்புற விழுந்தது, இன்னொன்று காற்றில் மிதந்துகொண்டே போய்ப் படகர் பெரியவரின் பீன்ஸ் பந்தலில் இறங்கியது.

எனக்கு இது பொறுக்கவில்லை. தேயிலை உயிருள்ள சரக்கு, அது மாறலாம். ஒரே செடியில் மழைக்கு முன்பு பறித்த கொழுந்துக்கும் மழைக்குப் பின்பு பறித்ததற்கும் சாயம் வேறு, வாசம் வேறு. அதனால்தான் குன்னூர் ஏலத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் பல நாள் தூளையும் சுத்தமான தரையில் கொட்டி, மண்வெட்டி போட்டுப் புரட்டிப் புரட்டிக் கலப்போம். பல்க் பண்ணுவது என்போம். முதல் மூட்டையில் எடுத்துக் குடித்தாலும் கடைசி மூட்டையில் எடுத்துக் குடித்தாலும் ஒரே தேத்தண்ணியாக இருக்க வேண்டும். என் வேலைக்காலம் முழுக்க நான் செய்தது இதைத்தான், மாறுவதை மாறாமல் ஆக்குவது. பிளாஸ்டிக்குக்கு மழை உண்டா, வெயில் உண்டா? கனகு பொறுமையாகச் சொன்னான். "மெஷின்தான் அண்ணே. ஆனா ஊத்துற அன்னிக்கு எவ்வளவு குளிரு, எவ்வளவு நேரம் ஆறுச்சு, என்ன சாயம் போட்டான், எல்லாத்தையும் பொறுத்து மாறும். செவப்பு ஒரு மாதிரி ஆறும், வெள்ள ஒரு மாதிரி ஆறும். நடு புடைச்சிக்கிட்டா மெதக்கும், சப்பையாப் போனா சீக்கிரம் விழும்."

"அப்புறம் எதுக்கு எல்லாத்துக்கும் ஒரே பேரு போட்டு விக்கிறான்?"

"அச்சு ஒண்ணுதானே."

"பல்க் பண்ணத் தெரியாத பேக்டரி" என்றேன். அவன் சிரித்தான். அவன் கிளப்பில் இதே சண்டை தினமும் நடக்குமாம். மான் மார்க்கை விட்டு மணி மார்க்குக்குப் போனவர்கள், மணியை விட்டு நங்கூரத்துக்குப் போனவர்கள், திரும்பி வந்தவர்கள் என்று கட்சி கட்சியாகப் பிரிந்து நிற்பார்களாம். அதைச் சொல்லும்போது ஒவ்வொருவரின் குரலிலும் பேசிக் காட்டினான். அந்த மொழி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் மூன்று ஆட்கள் என் வீட்டுக்குள் வந்து நின்றது போல இருந்தது.

அந்த ஆரஞ்சுத் தட்டு மூடுபனிக் காலத்தில் போனது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து எறிந்தான், காற்று தூக்கிக் கொண்டுபோய் ரோட்டுக்குக் கீழே சதுப்பில் போட்டது. இறங்கப் போனால் பனிக்குள் பெரிய பெரிய கறுப்பு முதுகுகள். காட்டெருமைகள், ஏழு. நாங்கள் ரோட்டிலேயே நின்றோம். அவை சாவகாசமாக மேய்ந்தன, மிதித்தன, ஒன்று படுத்தே விட்டது. கனகு கையைக் கட்டிக்கொண்டு, "இதுகளுக்கு நார்வே நம்பரு தெரியாதே" என்றான். அவை போன பிறகு கம்பு கொண்டு துழாவினோம். மறுநாள் கொழுந்துப் பெண்களும் வந்து தேடினார்கள். சேறு முழுக்கக் குளம்புக் குழிகள், தட்டு கிடைக்கவில்லை. "போகட்டும்ண்ணே, பிளாஸ்டிக்தானே" என்றான். ஆனால் அன்றிலிருந்து சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினான். போனை எடுத்து அந்த நார்வே ஊரில் இன்றைக்கு மழையா என்று பார்க்கத் தொடங்கினான். இங்கே ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்போதே பார்ப்பான்.

நான் பயந்துபோனேன். அதே தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டால் இந்தப் பார்வை போய்விடும் என்று நினைத்தேன். திருப்பூரிலிருக்கும் மகளிடம் சொல்லி, பெங்களூரில் இந்த விளையாட்டுச் சாமான் விற்கிற கடையில் தேடச் செய்தேன். மான் மார்க், அதே பெயர், அதே எடை, அதே ஆரஞ்சு, மூன்று தட்டுகள் வந்தன. மூன்றும் மூன்று விதமாகப் பறந்தன, ஒன்றுகூட அவனுடையது போல இல்லை. இரும்பு ஸ்கேலை மேலே வைத்துப் பார்த்தேன், ஒன்றின் நடு நன்றாகப் புடைத்திருந்தது. புடைப்பை இறக்கினால் சரியாகும் என்று கணக்குப் போட்டு, அதை எடுத்துக்கொண்டு பழைய பேக்டரிக்குப் போனேன். இப்போதைய டீமேக்கர் என்னிடம் வேலை பழகியவர், மறுக்கவில்லை. இரண்டு தகரத்துக்கு நடுவே தட்டை வைத்து, மேலே படிக்கல்லை ஏற்றி, டிரையர் வாயில் சூடு வருகிற இடத்தில் வைத்தேன். தேயிலையை எத்தனை சூட்டில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். தட்டுக்கும் அதே கணக்கு என்று நினைத்தேன். வெளியே எடுத்தபோது ஓரம் சுருண்டு அலையலையாக எழும்பியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததைப் பாக்கியம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பளம் நல்லாத்தான் பொரிஞ்சிருக்கு. எண்ணெய் எவ்வளவு ஊத்துனீங்க?"

அடுத்ததைச் சூட்டில் வைக்கவில்லை. பழைய தட்டு அப்படிப் பறந்ததற்குக் காரணம் அது பட்ட அடிதான் என்று கனகு முன்பு சொல்லியிருந்தான். நார்வேக் காட்டில் பைன் மரத்திலும் பாறையிலும் வருடக்கணக்காக மோதி மோதி வந்த பதம். அடிதானே வேண்டும்? மத்தியானம் அவன் படுத்த பிறகு வீட்டின் பின்பக்கம் போய், கற்பூர மரத்தின் மேல் தட்டை எறிந்தேன். எடுத்து வந்து மறுபடி எறிந்தேன். தோள் வலித்தது. ஓரத்தில் விழுகிற காயங்களைத் தடவிப் பார்த்துப் போதவில்லை என்று தோன்றியதும் மறுபடி எறிந்தேன். பல மத்தியானங்கள் இது நடந்தது. ஒரு நாள் துணி எடுக்க வந்த பாக்கியம் கொடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்னாங்க பண்றீங்க?"

"பழசாக்குறேன்."

அவள் கேலி பண்ணவில்லை. கீழே கிடந்த தட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அவரு வேணும்னா மரத்துல அடிச்சாரு? கூடைக்குன்னு எறிஞ்சு, தவறிப் போய்ப் பட்டதுதானே."

மரத்தில் அடிப்பதை அன்றோடு நிறுத்தினேன். ஆனாலும் விடவில்லை. மான் மார்க்கே நம்பத்தகாதது, வேறு கம்பெனிக்கு மாறிவிடுவதுதான் வழி என்ற முடிவுக்கு வந்தேன். மகளை மறுபடி தொந்தரவு பண்ணி மணி மார்க்கில் மூன்றும் நங்கூரம் மார்க்கில் மூன்றும் வரவழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானம் காலியாக இருக்கும். அங்கே போய் ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரி, ஒவ்வொரு மார்க்கிலும் மூன்று தட்டுகளைக் கனகு எறிவது என்று ஏற்பாடு. பாக்கியம் மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு துணிக் கிளிப்போடு வந்தாள், விழுந்த இடத்தில் புல்லில் குத்தி அடையாளம் வைக்க. "கொழுந்தனாரே, என் மேல எறிஞ்சிராதீங்க, எனக்குச் சங்கிலி கிடையாது" என்று கத்தினாள். மானின் மூன்று கிளிப்புகள் மைதானத்தின் மூன்று மூலையில் நின்றன. மணி பரவாயில்லை. நங்கூரத்தின் மூன்றும் ஒரு துண்டை விரித்தால் மூடிவிடுகிற இடத்துக்குள் விழுந்தன. மறுபடி எறியச் சொன்னேன், மறுபடியும் அப்படியே. எனக்குச் சின்னப்பிள்ளை போலச் சந்தோஷம்.

"இதுதாண்டா பேக்டரி! இதுதான் சரக்கு! இனிமே ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு. கவலையே இல்ல."

கனகு அந்த மூன்று கிளிப்புகளையும் பார்த்துக்கொண்டு நின்றான். "ஆமாண்ணே" என்றான். "தொலைஞ்சாலும் தெரியாது."

பிறகு வகுப்பறைப் படியில் போய் உட்கார்ந்தான். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாக்கியம் தூரத்தில் கிளிப்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நான் போகணும்."

என்ன குறை என்று கேட்டேன். சாப்பாடா, குளிரா, அண்ணி ஏதாவது சொன்னாளா? "குறை ஒண்ணும் இல்ல. நீங்க பாத்துக்குற மாதிரி எவனும் பாத்துக்க மாட்டான்" என்றான். போனை எடுத்து ஒரு படம் காட்டினான். மழைக்கோட்டுப் போட்ட மூன்று கிழவர்கள் ஒரு சங்கிலிக் கூடையின் பக்கத்தில் நிற்கிறார்கள். பின்னால் நனைந்த மரங்கள். "வியாழக்கிழமை நாங்க நாலு பேரு ஆடுவோம். இவன் எங்க டிப்போ மெக்கானிக், இவரு வாத்தியாரு, இவன் போலந்துக்காரன். நான் இங்க வந்ததுல இருந்து என் இடத்துக்கு யாரையும் சேர்க்கல. படம் எடுக்கையில கூட இடம் விட்டு நிக்கிறாங்க, பாருங்க." இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி இருந்தது. அதற்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

"நானும் இடம் விட்டுத்தாண்டா வெச்சிருக்கேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியும்ண்ணே. ஆனா அந்த இடத்துக்கு வரவேண்டியவன் வாலிபால் ஆடப் போன பய. நீங்க சொல்ற கதை எல்லாத்துலயும் அவன்தான் இருக்கான். எனக்கும் அவனப் பிடிக்கும். அவனா இருக்கலாம்னுதான் வந்தேன், முடியல. காலையில முழிச்சா எங்க இருக்கோம்னு தேடுறேன். அங்க தேடுறதில்ல."

பாக்கியம் வந்து எங்கள் முன்னால் நின்றாள். கையில் ஒன்பது கிளிப்புகள். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தாள், அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். பள்ளிக்கூட மணியடிக்கிற தண்டவாளத் துண்டு காற்றில் லேசாக ஆடியது. ஹட்டன் மலையில் பனி இறங்குவது போலத்தான் கோத்தகிரியிலும் இறங்குகிறது, தேயிலையும் அதே தேயிலை, தேத்தண்ணியும் அதே தேத்தண்ணி. அதனால் இங்கே வந்தால் அவனுக்கு ஊருக்கு வந்தது போல இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். எனக்கே அப்படி இருந்ததில்லை என்பதை அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். அரை நூற்றாண்டாக, எதிர்மலையில் விளக்கு எரிந்தால் அது ஹட்டன் தோட்டத்தில் எந்த டிவிஷன் லயம் என்று ஒரு கணம் யோசிக்கிறவன் நான். அவனுக்கு அந்த மலை போய்விட்டது. அதன் இடத்தில் அவன் வேறு ஒன்றை வளர்த்துக்கொண்டுவிட்டான். எனக்கு இதுவும் வளரவில்லை, அதுவும் போகவில்லை.

கனகு கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் பழனிச்சாமி நின்றிருந்தார், மேட்டுப்பாளையம் போகிறாராம். "ஏனுங்க, தம்பி சிலோனுக்குங்களா?" என்று கேட்டார். கனகு, "இல்லைங்க, ஊட்டுக்குங்க" என்றான். வீட்டுக்கு என்பதை இப்படிச் சொல்கிற அந்த ஒரு சொல்லைத்தான் இந்த ஊர்ப் பேச்சில் அவன் கற்றுக்கொண்டிருந்தான். பழனிச்சாமிக்கு மகிழ்ச்சி, ஜன்னல் பக்கம் அவனுக்கு விட்டுக்கொடுத்தார். நங்கூரம் மார்க் மூன்றையும் நான் அவன் பையில் வைத்திருந்தேன். பஸ் கிளம்புவதற்கு முன் அவன் அவற்றை எடுத்து ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தான். "இது நீங்க பழகுங்க, ஏமாத்தாது" என்றான். பிறகு, "மரத்துல அடிச்சு அடிச்சு ஒண்ணு வெச்சிருந்தீங்களே, அத நான் எடுத்துக்கிட்டேன். கேக்காம எடுத்துட்டேன்" என்றான். அவனுக்கு அது தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அது எப்படிப் பறக்கிறது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டான். மழை என்றான், இங்கேயும் மழை என்றேன். பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் படம் ஒன்று வந்தது. அதே கூடை, அதே நனைந்த மரங்கள், மழைக்கோட்டுப் போட்ட கிழவர்கள். என் கண் தானாக எண்ணியது. மூன்று பேர். கனகு இல்லை. உடம்புக்கு ஏதாவதா? பாக்கியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள்.

"தம்பியக் காணோமே."

நான் திரும்ப வாங்கிப் பார்த்தேன். இந்த முறை அவர்கள் நடுவில் இடம் விடவில்லை. தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தார்கள். மெக்கானிக் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறான், வாத்தியார் கையை நீட்டிக் கூப்பிடுகிறார், போலந்துக்காரன் கண்ணை மூடிச் சிரிக்கிறான். மூன்று பேரும் படம் எடுக்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன்தான் எடுத்திருக்கான்" என்றேன்.

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். தகரக் கூரையில் கோத்தகிரி மழை அடித்துக்கொண்டிருந்தது. நான் போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன், பிறகு கிட்டே வைத்துப் பார்த்தேன். எப்படிப் பிடித்தாலும் அவன் நின்ற இடத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்து, அவர்கள் மொழியில் என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.